ஜெபம் முடிந்து எட்டுச் சுற்று

“எங்க அத்தைக்கு முழங்கால் வலி. நடங்கன்னா நடக்க மாட்டேங்கிறாங்க. டாக்டர் சொன்னாக்கூடக் கேக்கிறதில்லை.” இந்தப் பேச்சு இல்லாத வீடு எங்கள் காரியாபட்டிப் பக்கத்தில் குறைவு. மருமகள்கள் இரண்டு பேர் பஸ் ஸ்டாப்பில் சந்தித்தால் போதும், பேச்சு மாமியாரின் முழங்காலுக்கு வந்துவிடும். எனக்கும் வீட்டில் 71 வயதில் அத்தை இருக்கிறார். இருபத்து நாலு வருஷமாக ஒரே சமையலறையில் புழங்குகிறோம். அவரும் அவர் வயதுப் பெண்கள் பத்துப் பதினைந்து பேரும் எங்கள் சிறிய கோயிலைச் சுற்றி நடக்க ஆரம்பித்த கதையைத்தான் சகோதரிகளுக்குச் சொல்லப் போகிறேன். கோயில் என்று நான் சொல்வது சர்ச்சை. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு அது கோயில்தான்.

முதலில் ஒன்று சொல்லவேண்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் சோம்பேறிகள் அல்ல. கரிசல் காட்டில் பருத்தி எடுத்தவர்கள், ஒரு குடம் தண்ணீருக்கு ஊரைத் தாண்டிப் போனவர்கள். சாத்தூர், சிவகாசிப் பக்கத்தில் பிறந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவர்களானால் சின்ன வயதிலிருந்தே தீப்பெட்டி ஒட்டியவர்கள். காலை மடக்கி உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துதான் எழுந்திருப்பார்கள். இப்படி ஓடியும் உட்கார்ந்தும் தேய்ந்த முழங்கால்கள் அவை. அறுபது வயதானதும் பிள்ளைகள், “போதும்மா, நீங்க உக்காருங்க” என்று பாசமாகச் சொல்லிவிடுகிறார்கள். உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்தபடியே இருந்துவிடுகிறார்கள். நாற்காலி, டி.வி., கட்டில்; மறுபடியும் நாற்காலி.

சரி, நடக்கவேண்டும் என்று நினைத்தாலும் எங்கே நடப்பது? பக்கத்தில் மதுரை - தூத்துக்குடி நான்கு வழிச்சாலை. அதில் லாரிகள் போகிற வேகத்தில் எங்களைப் போன்றவர்களுக்கே கை கால் நடுங்கும். உள்ரோட்டில் நாய்த் தொல்லை. வெட்டவெளி என்றால் சீமைக் கருவேல முள். இதையெல்லாம்விடப் பெரிய தடை ஊர் வாய். ஒரு பெண்பிள்ளை கையில் குடமோ பையோ இல்லாமல் சும்மா நடந்து போனால், “எங்க தாயி இம்புட்டுத் தூரம்?” என்று நாலு பேர் கேட்பார்கள். “உடம்புக்கு நல்லதுன்னு நடக்கிறேன்” என்று சொல்ல எழுபது வயதுப் பெண்ணுக்குக் கூச்சம். “வேலை வெட்டி இல்லாதவ” என்று பேர் வந்துவிடும் என்ற பயம்.

எங்கள் அத்தைக்கு இதற்குமேல் இன்னொரு பயமும் இருந்தது. மாமா காலமான மறுவருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் பயம் போகவில்லை. அடுப்படிக்கு வருவதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு வருவார். ஏற்கெனவே பன்னிரண்டு வருஷத்துச் சர்க்கரை வியாதி. நடக்காததால் சர்க்கரை ஏற, அது ஏறியதால் அசதி, அந்த அசதியால் இன்னும் நடக்காமல் இருப்பது. டாக்டர் சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே “வாக்கிங் 30 நிமிடம்” என்று எழுதிக் கொடுத்தார். எழுதுவது சுலபம். மாத்திரை மருந்துக்கடையில் கிடைக்கும். அரை மணி நேர நடையை எந்தக் கடையில் வாங்குவது?

அந்த நேரத்தில்தான் லெந்து காலம் வந்தது. ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாளும் எங்கள் கோயிலில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஜெபம் நடக்கும். ஜெபத்துக்கு என்றால் அத்தை மறுப்புச் சொல்லமாட்டார். நான் கையைப் பிடித்து அழைத்துப் போவேன். ஆறு மணிக்கு ஜெபம் முடிந்ததும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவேண்டிய நாங்கள் ஓட்டமும் நடையுமாக வீடு திரும்புவோம். பெரியவர்களுக்கு வீட்டில் அவசரம் இல்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் போதகரம்மா, “உக்காந்து பேசுறதை நடந்துக்கிட்டே பேசுங்களேன் பாட்டி, கோயிலை ஒரு சுத்து சுத்தி வருவோம்” என்று தாமே எழுந்து நடந்தாராம். அவ்வளவுதான் ஆரம்பம். திட்டம், நோட்டீஸ், பெயர் எதுவும் கிடையாது. முதல் நாள் ஒரு சுற்று, அந்த வாரக் கடைசியில் மூன்று. ஈஸ்டர் வந்தது, நாற்பது நாளும் முடிந்தது, விடியற்கால ஜெபமும் நின்றது. மறுநாள் ஐந்தரைக்கு அத்தை சேலையை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறார். “ஜெபம் முடிஞ்சிருச்சே அத்தை” என்றேன். “அது முடிஞ்சா என்ன? நாங்க வர்றோம்னு பேசி வச்சிருக்கோம்” என்றார். இப்போதெல்லாம் பெரியவர்களே பத்து நிமிஷம் ஜெபம் பண்ணிவிட்டு நடக்கிறார்கள்.

கோயில் வளாகத்தில் அப்படி என்ன விசேஷம் என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு. சுற்றுச்சுவர் இருக்கிறது, அதனால் வண்டியும் நாயும் கிடையாது. மண் தரை, மேடு பள்ளம் குறைவு. விளக்கு இருக்கிறது. குழாய் இருக்கிறது, நிழலுக்கு வேம்பு இருக்கிறது, சுற்றுக்குச் சுற்று உட்கார்ந்து எழ சிமெண்டுத் திண்ணை இருக்கிறது. எல்லாவற்றிலும் முக்கியமானதைச் சொல்கிறேன், சகோதரிகள் தப்பாக நினைக்கக்கூடாது: கழிவறை இருக்கிறது. வயதான பெண்கள் வெளியே வரத் தயங்குவதற்கு முழங்காலைவிட இதுதான் பெரிய காரணம் என்று எனக்குப் படுகிறது. நாலைந்து பிள்ளை பெற்ற உடம்பு. சர்க்கரையும் சேர்ந்தால் அடக்க முடிவதில்லை. இருமினாலும் தும்மினாலும் சங்கடம். மகனிடம் சொல்ல முடியாது, டாக்டர் ஆணாக இருந்தால் அவரிடமும் சொல்லமாட்டார்கள். “முழங்கால் வலி” என்று சொல்லி வீட்டில் இருந்துவிடுவார்கள். வெளியே போவதானால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் கிளம்புகிறவர்களும் உண்டு, அது இன்னும் கெடுதல். எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் முதலில் செய்தது அந்தக் கழிவறைச் சாவியை ஆணியில் மாட்டி வைத்ததுதான். அதற்கு முன் அது ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கும். சாவி ஆணிக்கு வந்த வாரமே புதிதாக மூன்று பேர் சேர்ந்தார்கள். இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

கூச்சத்துக்கு அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வெறும் நடைக்கு வருகிற நாளிலும் பைபிள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார்கள். பையைப் பார்த்தவர்கள் “கோயிலுக்கா?” என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பொய்யும் இல்லை, கோயிலுக்குத்தானே வருகிறார்கள்! சபையிலேயே ஒரு பெரியவர் மட்டும், “கோயில் என்ன விளையாட்டு மைதானமா?” என்று முணுமுணுத்தார். அத்தைதான் பதில் சொன்னார்: “நம்ம பாட்டிமார் நடக்காம இருந்தா இந்தக் கோயிலே ஏது?”

அது வாஸ்தவம்தான். அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் 1834-ல் மதுரைக்கு வந்தார்கள். பிறகு மண்டபசாலை, அருப்புக்கோட்டை என்று எங்கள் வட்டாரத்திலும் தங்கி ஊழியம் செய்தார்கள். அவர்களுக்குக் கீழே பைபிள் உமன் என்று நம் தமிழ்ப் பெண்கள் வேலை பார்த்தார்கள். ஆண்கள் நுழைய முடியாத வீடுகளுக்குள் போய்ப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதும் வேதம் வாசித்துக் காட்டுவதும் அவர்கள் வேலை. ஊர் ஊராக நடைதான். அத்தையின் பாட்டியும் அப்படி நடந்தவர்தான். “வெயில்ல குடையும் ஒரு பையும்தான், எங்க அப்பத்தாளுக்கு எம்பது வயசு வரைக்கும் கால் வலின்னு சொல்லத் தெரியாது” என்பார் அத்தை. கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாரோ என்னவோ, ஆனால் அந்தப் பேச்சு மற்றவர்களுக்கு வைராக்கியத்தைக் கொடுத்தது.

எவ்வளவு நடக்கவேண்டும் என்று ஒரு பெரிய விவாதம் வந்தது. யாரோ ஒருவர் பேரன், தினம் பத்தாயிரம் அடி நடக்காவிட்டால் பிரயோஜனம் இல்லை என்று சொல்லிவிட்டான். இரண்டு பேர் மறுநாள் வரவே இல்லை. மதுரையில் நர்சிங் படிக்கும் என் மகள் லீவுக்கு வந்தபோது இதைக் கேட்டுச் சிரித்தாள். பத்தாயிரம் என்பது 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, அடிகளை எண்ணுகிற ஒரு கருவியின் பெயராம். அதன் பெயரான ‘மான்போ கெய்’ என்பதற்கு அர்த்தமே பத்தாயிரம் அடி மீட்டர் என்பதாம். டாக்டர்கள் கணக்குப் போட்டுச் சொன்ன எண் அல்ல. அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் நடையைக் கருவி வைத்து அளந்து, நாலு வருஷத்துக்கு மேல் கவனித்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால் 4,400 அடி நடந்தவர்களிடையே மரணம் நூற்றுக்கு 41 பங்கு குறைவாக இருந்ததாம். 7,500-க்கு மேல் நடந்தவர்களுக்குக் கூடுதல் லாபம் ஒன்றும் தெரியவில்லை. “நடந்ததாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா, நல்லா இருக்கிறவங்கதான் நெறைய நடந்திருப்பாங்கன்னும் சொல்லலாம்” என்றும் மகள் சொன்னாள். இருந்தாலும் எனக்கு அந்தக் கணக்கு பிடித்திருந்தது. 2,700-க்கும் 4,400-க்கும் வித்தியாசம் 1,700. எங்கள் கோயிலை ஒரு முறை சுற்றினால் அத்தைக்கு 200 அடி. எட்டுச் சுற்றுக்கு 1,600. குறைகிற நூறு அடி, கழிவறைக்குப் போய் வந்தால் சரியாகிவிடும். அன்றிலிருந்து எங்கள் அளவு எட்டுச் சுற்று. முடியாதவர்களுக்கு இரண்டு. திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வருகிறவர்களையும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

வேகத்துக்கும் ஒரு அளவு உண்டு. நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகமாம். பேசவே மூச்சு வாங்கினால் வேகம் அதிகம், பாட்டுப் பாடிக்கொண்டே நடக்க முடிந்தால் வேகம் போதாது. இதைச் சொன்னதும் எங்கள் கூட்டத்தில் பெரிய வருத்தம். பாட்டுப் பாடாமல் கோயிலைச் சுற்றுவதா? கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் பாட்டோடு மெதுவாக, நடுவில் ஆறு சுற்று பேச்சோடு. உடம்பு சூடேறவும் தணியவும் அதுவே தோதாக அமைந்துவிட்டது.

உலகத்தில் இப்படிச் செய்தவர்கள் நாங்கள் மட்டும் அல்ல. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் கறுப்பினப் பெண்களின் 16 சர்ச்சுகளில் இதை ஒரு பரிசோதனையாகவே நடத்தி 2001-ல் எழுதியிருக்கிறார்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்ட 529 பெண்கள். சில சர்ச்சுகளில் உடற்பயிற்சியும் சாப்பாட்டு விஷயமும் மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். சிலவற்றில் அதோடு ஜெபம், வேதவசனம் எல்லாம் சேர்த்தார்கள். சிலருக்குப் புத்தகத்தை மட்டும் கொடுத்து நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், கூடிச் செய்தவர்களுக்கு எடையும் இடுப்பளவும் ரத்த அழுத்தமும் சற்றே இறங்கியிருந்தன. புத்தகம் வாங்கிப் போனவர்களுக்கு மாற்றம் இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், ஜெபம் சேர்க்காமல் வைத்த கூட்டங்களிலும் அந்தப் பெண்கள் தாங்களாகவே ஜெபத்தைச் சேர்த்துக்கொண்டார்களாம்! ஆராய்ச்சி செய்தவர்களால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாமல் போயிற்று. மகள் இதை வாசித்துச் சொன்னபோது அத்தை, “நம்ம ஊர்க்காரங்க மாதிரியே இருக்காங்களே” என்றார்.

நம் சென்னையிலும் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை வியாதி வரக்கூடிய நிலையில் இருந்தவர்களை வைத்து ஆராய்ந்து 2006-ல் வெளியிட்டிருக்கிறார்கள். தினம் அரை மணி நேரமாவது நடை, சாப்பாட்டில் கட்டுப்பாடு, இவற்றால் வியாதி வருவது நூற்றுக்கு 28 பங்குக்கு மேல் குறைந்தது. இது இளம் தாய்மார்களுக்கும் சேர்த்துத்தான். அத்தையைக் கொண்டுவிட வருகிற நானும் இப்போது இரண்டு சுற்று நடந்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டப் போகிறேன்.

ஆனால் எட்டுச் சுற்றைவிட எங்கள் கூட்டத்தின் பெரிய பலன் வேறு. வராதவர் வீட்டுக்கு அன்றைக்கே யாராவது போய்ப் பார்க்கவேண்டும் என்று ஒரு வழக்கம். யாரும் சட்டம் போடவில்லை, தானாக வந்தது. போன மார்கழியில் ஒரு நாள் மல்லிகைப்பூக் கட்டி விற்கும் பெரியம்மா வரவில்லை. குளிரில் படுத்திருப்பார் என்று சிலர் சொன்னார்கள். அத்தை கேட்கவில்லை. “அவ பிச்சிப்பூ வாசனை இல்லாம எனக்கு நடை ஓடல” என்று சொல்லி என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கதவு ஒருக்களித்திருந்தது. பெரியம்மா தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். உடம்பெல்லாம் வியர்வை, அந்தக் குளிரில்! கை நடுங்குகிறது. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்கிறார். ராத்திரி சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு, பசியில்லை என்று கஞ்சி குடிக்காமல் படுத்திருக்கிறார். மகள் சொல்லித் தந்திருந்தபடி, விழுங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, நாலு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரம் காத்திருந்தோம். தெளிவு வந்தது. பிறகு இட்லி கொடுத்து, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். மாத்திரையின் அளவைக் குறைத்துக் கொடுத்தார்கள்.

அவருடைய மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறான். தினம் ராத்திரி போன் பண்ணுவான். அதுவரை அவரை யார் தேடியிருப்பார்கள்? பூ வாங்க வருகிறவர்கள், “இன்னைக்குப் பூ இல்லை போல” என்று போயிருப்பார்கள்.

அதனால் சர்க்கரைக்காரர் வீட்டு மருமகள்களுக்கு இரண்டு வார்த்தை. மாத்திரையோ ஊசியோ போடுகிற பெரியவர்களை வெறும் வயிற்றில் நடக்க அனுப்பாதீர்கள். இரண்டு பிஸ்கட்டாவது கொடுங்கள். முந்தானையில் இரண்டு மிட்டாய் முடிந்து அனுப்புங்கள். வியர்வை, நடுக்கம், உளறல் என்றால் இனிப்பு. நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108-க்குச் சொல்லவேண்டும். லெந்து நாட்களில் உபவாசம் இருக்கிற பெரியவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் இருக்கவேண்டும். போதகரம்மாவே இதைச் சங்கத்தில் சொல்லியிருக்கிறார். அப்புறம் கால். கோயில் வளாகம் என்று செருப்பைக் கழற்றிவிடுவார்கள். சர்க்கரைக்காரர்களுக்குப் பாதம் மரத்துப் போயிருந்தால் முள் குத்தினாலும் தெரியாது. எங்கள் அத்தை முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. “வாசப்படி வரைக்கும் செருப்பு, உள்ளே போறப்ப கழட்டுங்க” என்று பேசி முடிவு செய்தோம். எம்.சி.ஆர். செருப்பு, பின்னால் வார் வைத்தது, வாங்கிக் கொடுத்தேன். ராத்திரி படுக்குமுன் உள்ளங்காலைப் பார்ப்பது என் வேலை. இரண்டு தடவை கருவேல முள் எடுத்திருக்கிறேன், இரண்டு தடவையும் அவருக்குத் தெரியவே இல்லை. நடக்கும்போது நெஞ்சை அடைத்தாலோ, தாடை, இடது கை என்று வலி பரவினாலோ அதோடு நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கக்கூடாது.

நடையால் மட்டும் விழுவதைத் தடுக்க முடியாதாம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னதில், 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்பதற்கும் தசை பலத்துக்குமான பயிற்சி செய்யவேண்டும் என்று இருக்கிறது. எங்கள் பெரியவர்கள் சுற்று முடிந்ததும் கோயில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து எண்ணும் வரை நிற்பார்கள். பிறகு திண்ணையிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து எழுந்து உட்காருவார்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், அவர்களே சிரித்துக்கொள்வார்கள்.

அத்தைக்கு முழங்கால் வலி போய்விட்டது என்று நான் சொன்னால் அது பொய். மழை வந்தால் இன்றைக்கும் தைலம் வேண்டும். ஆனால் சுவரைப் பிடிக்காமல் அடுப்படிக்கு வருகிறார். மூன்று மாதச் சர்க்கரை அளவு ஒன்பதைத் தாண்டி இருந்தது, இப்போது எட்டுக்குக் கீழே. அதில் மாத்திரைக்கும் பங்கு உண்டு. 2021-ல் அரசாங்கம் ஆரம்பித்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வாசலுக்கே வந்துவிடுவதால் விடாமல் சாப்பிடுகிறார். 2023-ல் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டத்துக்கு ஒன்றாக எட்டு கிலோ மீட்டர் நடைபாதையும் அமைத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் விடியற்காலையில் பஸ் ஏறிப் போய் எட்டு கிலோ மீட்டர் நடக்க எங்கள் அத்தைகளால் ஆகுமா? அவர்களுக்கு வேண்டியது வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சுவர், ஒரு திண்ணை, ஒரு சாவி.

இப்போது பக்கத்துத் தெரு அம்மா ஒருவரும் வருகிறார். ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் பாதயாத்திரை போகிறவர். வருஷத்தில் ஒரு தடவை ஒரேயடியாக நடந்து வந்து பத்து நாள் காலை நீட்டிப் படுத்திருப்பாராம். “தினமும் நடந்தா ஆத்தா கோயிலுக்குச் சுளுவாப் போயிரலாம்ல” என்று சேர்ந்துகொண்டார். பாட்டு நேரத்தில் தாளம் போடுவார், ஜெப நேரத்தில் வேப்பமரத்தடியில் கைகட்டி நிற்பார். யாருக்கும் அதில் ஆட்சேபணை இல்லை.

வருகிற சங்கக் கூட்டத்தில் நாங்கள் ஒரு விண்ணப்பம் கொடுக்கிறோம். கழிவறைச் சுவரில் பிடித்து எழுவதற்கு ஒரு இரும்புக் கம்பி, வாசற்படியில் ஒரு சாய்தளம். வெல்டிங் பட்டறையில் விலை கேட்டு வந்தது அத்தைதான், நடந்தே போய்.